மலைக்கும் ஓர் எச்சரிக்கைக் கூண்டு

புதுச்சேரி துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தியில் ஒரு வரி வந்தால் போதும். கடலை விட்டு உள்ளே தள்ளி, தமிழக எல்லையை ஒட்டியிருக்கும் சேதராப்பட்டிலும் அதன் பொருள் விளங்கிவிடும். தொழிற்பேட்டையில் கூரைத் தகடுகளைச் சரிபார்ப்பார்கள். வெளியே அடுக்கிய சரக்கைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். இரவுப் பணிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கு தொடங்கிவிடும். ஒன்று முதல் பதினொன்று வரையுள்ள அந்த எண்களுக்கு வானிலைத் துறை தரும் சரியான விளக்கம் பலருக்குத் தெரியாது. ஆனாலும் எண் ஏற ஏற ஆபத்து கூடுகிறது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரை அடிபட்டுக் கற்ற பாடம் அது. காட்டுத்தீ விஷயத்தில் மட்டும் இப்படி ஒரு பழக்கம் நம்மிடம் இல்லை. மலை எரிந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி ‘யார் வைத்தது?’ என்பதுதான், பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுவே. பொறியை மனிதர் வைக்கிறார். அந்தப் பொறி ஒரு புதரோடு அணைவதா, ஒரு மலைமுகட்டையே விழுங்குவதா என்பதை அன்றைய வானிலை முடிவு செய்கிறது. வானிலையைக் கேட்காமல் பொறி வைத்தவரை மட்டும் தேடிக்கொண்டிருக்கும் வரை, தீயில் மனிதர்கள் சாவதை நாம் தடுக்கப்போவதில்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே, குரங்கணி மலைச்சரிவில், மலையேற்றம் முடித்துக் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிவந்துகொண்டிருந்த இரண்டு குழுக்கள் பிற்பகலில் தீக்குள் சிக்கின. ஒரு குழு சென்னையிலிருந்து வந்தது. இன்னொன்று ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்து. அன்றே இறந்தவர்களோடு, அடுத்த நாட்களில் மருத்துவமனைகளில் தீக்காயங்களுக்குப் பலியானவர்களையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சூலூரிலிருந்து விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. அரசு அப்போதைய வருவாய்த் துறை முதன்மைச் செயலர் அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக நியமித்தது. தமிழ்நாடே பேசியது. அந்தப் பேச்சு முழுவதும் மூன்று கேள்விகளைத்தான் சுற்றிவந்தது: அனுமதி வாங்கினார்களா, அழைத்துப் போனது யார், கீழே புல்லுக்குத் தீ வைத்தது யார். மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் அன்று அந்தச் சரிவில் காற்றின் வேகம் என்ன, ஈரப்பதம் எவ்வளவு, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள், புல் எந்த அளவுக்குக் காய்ந்திருந்தது என்ற கேள்விகள் தேநீர்க்கடைப் பேச்சில் மட்டுமல்ல, நாளிதழ்ப் பக்கங்களிலும் அபூர்வமாகவே தலைகாட்டின. உயிர் தப்பியவர்கள் சொன்னது காற்றைப் பற்றி. நாம் பேசியது ஆட்களைப் பற்றி.

அந்த வாரத்தின் வானிலை வரைபடத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பது நல்லது. தெற்கே கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. மார்ச் 13ஆம் தேதி மாலத்தீவுப் பக்கம் அது தாழ்வு மண்டலமாக வலுப்பெற்றது. பலத்த காற்று வீசும், கடலுக்குப் போக வேண்டாம் என்று குமரிப் பக்கத்து மீனவர்களுக்கு எச்சரிக்கை விடப்பட்டது. தெற்கே ஒரு தாழ்வு நிலைகொண்டால் தமிழகத்தின் மேல் கிழக்குக் காற்று வலுக்கும் என்பது வானிலையின் அரிச்சுவடி. கிழக்கு நோக்கிய மலைச்சரிவில், வெயிலேறிய பிற்பகலில், தானாகவே மேலேறும் காற்றோடு அந்தக் கிழக்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும் என்பதும் அதே அரிச்சுவடியின் அடுத்த பக்கம். குரங்கணித் தீயை அந்தத் தாழ்வுதான் விரட்டியது என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. நான் சுட்டிக்காட்டுவது வேறு: ஒரே வானம், ஒரே வாரம், கடலுக்குப் போகிறவருக்கு ஓர் எச்சரிக்கை இருந்தது, மலைக்குப் போகிறவருக்கு இல்லை.

வானிலை தீயை எப்படி ஆள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது மூன்று வேகங்களில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது, மாதக் கணக்கில். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழையில் புல் வளர்கிறது. தை பிறந்ததும் காய ஆரம்பிக்கிறது. நீலகிரி, கொடைக்கானல் உயரங்களில் மார்கழி, தை மாதத்து உறைபனி அதைக் கருக்கிவிடுகிறது. இங்கே பலரும் தவறவிடும் ஒரு முரண் உண்டு. மரக்காட்டுக்கு வறட்சி ஆண்டுதான் ஆபத்து. புல்வெளிக்கோ நல்ல மழை பெய்த ஆண்டே ஆபத்து, ஏனென்றால் ஆளுயரத்துக்கு எழும்பும் புல் அத்தனையும் பங்குனியில் வைக்கோலாகி நிற்கும். ‘இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது, தீ பயம் இல்லை’ என்று சொல்வதில் பாதி உண்மைகூட இல்லை. இரண்டாவது, நாள் கணக்கில். மழை நின்று எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்துக் காட்டுத் தரையில் கிடக்கும் செத்த பொருள்கள் ஒவ்வொன்றாக உலர்கின்றன. விழுந்து கிடக்கும் பெருமரம் உலர வாரங்கள் ஆகும். கட்டை விரல் பருமனுள்ள குச்சிக்கு அரை நாள், ஒரு நாள். புல்லுக்கும் மெல்லிய சருகுக்கும் ஒரு மணி நேரம் போதும். தீ அறிவியலில் எரிபொருளை ‘ஒரு மணி’, ‘பத்து மணி’, ‘நூறு மணி’, ‘ஆயிரம் மணி’ என்று வகைப்படுத்துவதே இந்த அடிப்படையில்தான்.

மூன்றாவதுதான் உயிர் குடிப்பது: மணிக் கணக்கில் மாறும் வானிலை. காலையில் 22 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் என்று ஒரு மலைக் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புல்லில் பனி இருக்கும். தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாலும் புகைந்து அணைந்துவிடும். அதே காற்று, ஒரு துளி நீரும் கூடாமல் குறையாமல், மதியம் 36 டிகிரிக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 35 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். சூடான காற்றின் நீர்த்தாகம் அத்தகையது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவி கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அந்தப் பற்றாக்குறையை அது புல்லிலிருந்தும் சருகிலிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது. தன் எடையில் கால் பங்கு ஈரம் வைத்திருக்கும் செத்த புல் லேசில் பற்றாது. அது ஐந்தாறு விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டால் ஒரு பீடித் துண்டு போதும். காலை எட்டு மணிக்குப் பாதுகாப்பாக இருந்த சரிவு பிற்பகல் இரண்டு மணிக்கு வெடிமருந்தாக மாறுவது இப்படித்தான். காலையில் மலையைப் பார்த்து முடிவெடுத்தவர் பிற்பகல் மலையைப் பார்க்கவே இல்லை.

இதோடு காற்றும் சரிவும் சேரும்போது கணக்கு கையை மீறிப் போகிறது. காற்று தீக்கு உயிர்வளி ஊட்டுகிறது என்பது எல்லோரும் அறிந்தது. அதைவிட முக்கியமான வேலை ஒன்றையும் அது செய்கிறது: சுவாலையை முன்பக்கம் சாய்த்து, இன்னும் பற்றாத புல்லின் மேல் படுக்க வைக்கிறது. தீ வந்து தொடுமுன்பே அந்தப் புல் உலர்ந்து, சூடேறி, பற்றத் தயாராகிவிடும். மேட்டுச் சரிவும் இதையேதான் செய்கிறது. நிமிர்ந்த சுவாலைக்கும் சாய்ந்த தரைக்கும் நடுவே தூரம் குறைந்துவிடுகிறது. ஆஸ்திரேலியத் தீ ஆய்வாளர் ஆலன் மக்ஆர்தர் காலத்திலிருந்து களத்தில் வழங்கும் ஒரு தோராய விதி உண்டு: சரிவு பத்து டிகிரி கூடினால் மேலேறும் தீயின் வேகம் இரண்டு மடங்காகும். அந்தக் கணக்கில் முப்பது டிகிரி சரிவில் சமதரையைப் போல எட்டு மடங்கு. மனிதருக்கோ நேர் எதிர். சரிவு செங்குத்தாக ஆக ஆக ஓட்டம் நடையாகி, நடை தவழ்தலாகிறது. தீயைக் கீழே கண்டவுடன் மேலே ஓடத் தோன்றுவது மனித இயல்பு. ஆனால் தீ தன் முழு வேகத்தையும் காட்டும் திசை அதுதான்.

எல்லாவற்றையும்விட ஆளைக் கொல்வது காற்றின் திசைமாற்றம். இதைச் சேதராப்பட்டு வாசகருக்கு விளக்க ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டாம். சித்திரை, வைகாசியில் இந்தச் செம்மண் மேட்டில் காலையிலிருந்து மேல்காற்று அனலாக அடிக்கும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே புகுந்ததும் சட்டென்று திசை மாறும், உடம்பு ஆறும். கடற்காற்று தாமதிக்கும் நாளில்தான் புதுச்சேரியில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. நமக்கு இந்தத் திசைமாற்றம் ஆறுதல். எரியும் காட்டோரம் நிற்பவருக்கு அது வேறு விதமாக வந்து சேரும். காற்று ஒரே திசையில் வீசும்போது தீ நீளமான ஒரு கோடாகப் பரவுகிறது. முனை மட்டும் உக்கிரமாக இருக்கும், இரு பக்கவாட்டும் மெதுவாக எரியும். திசை தொண்ணூறு டிகிரி திரும்பினால் அந்த நீண்ட பக்கவாட்டு முழுவதும் ஒரே நொடியில் முனையாகிவிடும். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் நடந்தது இதுவே. பல ஆண்டு வறட்சி, அதன் மேல் மெல்பர்னில் 46.4 டிகிரி வெப்பம், வடமேற்கிலிருந்து சூறைக்காற்று. மாலையில் குளிர்காற்று வந்தது, வெப்பம் தணிந்தது, காற்று தென்மேற்குக்குத் திரும்பியது. கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருந்த தீயின் பக்கவாட்டு அப்படியே ஊர்களை நோக்கி நடந்தது. ‘கருப்புச் சனி’ என்று அவர்கள் நினைவில் வைத்திருக்கும் அந்தத் தீயில் 173 பேர் இறந்தார்கள். கங்குகள் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் பறந்து போய்ப் புதுத் தீ மூட்டின.

இந்த நிலைக்கு வந்துவிட்ட தீயை யாரும் அணைப்பதில்லை. சுவாலை நாலடிக்கு மேல் எழுந்தால் கைக்கருவிகளோடு அதன் முகத்துக்கு நேரே நின்று போராட முடியாது என்பது உலகெங்கும் தீயணைப்போர் ஒப்புக்கொண்ட எல்லை. நம் மலைகளில் தீத்தடுப்புக் காவலர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது பச்சை இலைக் கொப்புதான். அதை வைத்து அடித்தே எத்தனையோ தீயை அவர்கள் அணைத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு நாம் உரிய மரியாதை தரவில்லை. ஆனால் அதுவும் வானிலை விட்டுக்கொடுக்கும் நாட்களில்தான் பலிக்கும். 2024 மார்ச்சில் குன்னூர் வனப்பகுதி நாள் கணக்கில் எரிந்தபோது சூலூரிலிருந்து எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்து, ரேலியா அணையில் நீர் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரிலும் காற்றும் காய்ந்த உண்ணிச்செடியும் கைகோத்தபோது ஹெலிகாப்டர்கள்தான் வந்தன. 2023 ஆகஸ்டில் ஹவாய் மாநிலத்து மாவி தீவின் லஹைனா நகரம், வடக்கே ஓர் உயரழுத்தம், தெற்கே தொலைவில் கடந்துபோன டோரா புயல் என்ற இரண்டுக்கும் நடுவே பிழிந்து வந்த காற்றில் ஒரே நாளில் சாம்பலானது. நூறு பேர் அளவில் மடிந்தார்கள். பணத்துக்கும் கருவிக்கும் பஞ்சமில்லாத நாட்டில் நடந்தது இது. அப்படிப்பட்ட நாளில் பயன்படக்கூடியது ஒன்றுதான்: அந்த நாள் வருகிறது என்று முன்கூட்டியே அறிந்து, ஆட்களை அங்கே இல்லாமல் செய்வது.

இதற்கு எதிராக முதலில் சொல்லப்படுவது, இந்தியாவில் காட்டுத்தீ அநேகமாக அத்தனையும் மனிதர் மூட்டுவது, எனவே மனிதரைக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது. முன்பாதி உண்மை. நம் தீப்பருவத்தில் மின்னல் அபூர்வம். மூங்கில் உரசித் தீ பிடித்தது என்ற பழங்கதையை எந்த வனத்துறைக்காரரும் இன்று நம்புவதில்லை. ஆனால் பின்பாதி முன்பாதியிலிருந்து வந்து சேரவில்லை. மேய்ச்சலுக்குப் புல் துளிர்க்க வைக்கும் தீ, தேன் எடுப்பவரின் பந்தம், வழிப்போக்கரின் பீடி, தோட்டத்து ஓரத்தில் எரிக்கும் குப்பை என்று மலையில் பொறிகள் ஆண்டு முழுவதும் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் போகின்றன. சில நாட்களில் மட்டும் ஒன்று பேரழிவாகிறது. பொறியில் வித்தியாசம் இல்லை, நாளில்தான் வித்தியாசம். பொறி வைத்தவரைத் தேடுவது சட்டத்தின் வேலை, அது நடக்கட்டும். அடுத்த உயிரைக் காக்க அது போதாது. இந்த வாதத்தில் இன்னொரு அநீதியும் ஒளிந்திருக்கிறது. ‘யார் வைத்தது’ என்ற விரல் கடைசியில் போய் நிற்பது மலையில் வாழும் பழங்குடி மக்கள் மேல்தான். தீயின் வானிலையை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்தவர்கள் அவர்கள். பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் ‘தரகு பெங்கி’ என்று சொல்லும் சருகுத் தீயை, பருவத்தின் தொடக்கத்திலேயே, தரையில் ஈரம் மிச்சமிருக்கும்போதே மூட்டுவார்கள். அது தாழ்வாக ஊர்ந்து சருகை மட்டும் தின்று அணையும். முற்றிய கோடையில் பெருந்தீ வந்தாலும் அதற்குத் தீனி இருக்காது. எந்த மாதம், எந்த வேளை, எந்தக் காற்றில் மூட்டலாம் என்ற அறிவு அது. சட்டம் அதைக் குற்றமாக்கியது. அதற்கு மாற்றாக வேறு அறிவு எதையும் மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. பிரச்சினை வானிலையில் இல்லை, எரிபொருளில் இருக்கிறது என்கிறார்கள் சூழலியலாளர்கள் சிலர். உண்ணிச்செடி படர்ந்து காட்டின் கீழ்த்தளத்தையே அடைத்துவிட்டது. மலையுச்சிப் புல்வெளிகளில் சீகையும் யூகலிப்டஸும் நட்டார்கள். சருகு ஆண்டுக்கு ஆண்டு குவிகிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. உண்ணிச்செடியை அகற்றுவதும் அந்நிய மரங்களை மெல்ல விலக்கிச் சோலையையும் புல்வெளியையும் மீட்பதும் செய்தே ஆக வேண்டிய வேலைகள். தமிழக அரசு அவற்றைத் தொடங்கியும் இருக்கிறது. ஆனால் அவை பத்து, இருபது ஆண்டு வேலைகள். அதுவரை வரும் ஒவ்வொரு பங்குனியிலும் யாரோ ஒருவர் அந்தச் சரிவில் இருப்பார். மேலும், உண்ணிச்செடி ஆண்டின் எல்லா நாளும் அங்கேதான் நிற்கிறது. எல்லா நாளும் அது எரிவதில்லை. எவ்வளவு எரியலாம் என்பதற்கு எரிபொருள் பதில் சொல்லும். எப்போது எரியும், எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதற்கு வானிலைதான் பதில் சொல்ல வேண்டும். உயிர் காப்பவருக்கு வேண்டிய பதில் இரண்டாவது.

நம்மிடம் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டு வனத்துறைக்கும் பதிவு செய்துகொண்டவர்களுக்கும் குறுஞ்செய்தி அனுப்புகிறது. நாட்டின் வனப்பரப்பில் 36 விழுக்காட்டுக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னதும் அதே நிறுவனம்தான். நல்ல பணி. ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறை மட்டுமே நம் தலைக்கு மேல் கடக்கிறது. அதற்குத் தெரிவது ஏற்கெனவே எரியும் தீ. மாநில வனத்துறைகளுக்கு முன்னெச்சரிக்கையும் போகிறது என்றாலும், வனத்துறை அலுவலகத்தைத் தாண்டி, போடி பேருந்து நிலையத்தில் முதுகுப்பையோடு நிற்கும் இளைஞருக்கு அது எட்டுவதில்லை. குரங்கணிக்குப் பிறகு 2018லேயே மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு அரசே மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீப்பருவம் என்று அவற்றை மூடியது. இதை வரவேற்கிறேன். ஆனால் இது நாள்காட்டி போட்ட பூட்டு. வானிலை நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை. மழைக்காலமாக இருந்திருக்க வேண்டிய 2025 ஜனவரியில்தான் லாஸ் ஏஞ்சலிஸ் புறநகர்கள் எரிந்தன. முந்தைய இரண்டு ஆண்டு நல்ல மழையில் வளர்ந்த புதர், பிறகு மாதக்கணக்கில் மழையின்மை, அதன் மேல் பாலைக் காற்று. நம் மலையிலும் பொங்கல் முடிந்த மறுவாரமே தீ வானிலை வரலாம்; ஏப்ரல் கடைசி வரை கோடை மழை பொய்க்கலாம். 1979 முதல் 2013 வரையான தரவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, உலகில் தாவரம் மூடிய நிலப்பரப்பில் தீ வானிலைப் பருவத்தின் சராசரி நீளம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று காட்டியது. பருவத்தின் எல்லைகளே நகரும்போது தேதிகளை மட்டும் நம்பிப் பூட்டுவது ஆபத்து. இன்னொரு பக்கம், மார்ச் நடுவில் நல்ல மழை பெய்து மலை நனைந்து கிடக்கும் வாரத்திலும் பூட்டு தொங்கும். வழிகாட்டிகளாக வேலை செய்யும் மலைக் கிராமத்து இளைஞர்களுக்கு அந்த வாரக் கூலி போகும். காரணமில்லாத தடை எதுவும் நாளடைவில் மதிப்பிழந்துபோகும்.

மலையில் வானிலையைக் கணிப்பது கடினம், பொய் எச்சரிக்கை பெருகினால் மக்கள் அலட்சியமாவார்கள் என்பது அதிகாரிகள் சொல்லும் தயக்கம். கடினம்தான். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு காற்று மாறும். ஆனால் இதே தயக்கம் ஒரு காலத்தில் புயலுக்கும் சொல்லப்பட்டது. 1977இல் ஆந்திரத்தின் திவிசீமையிலும் 1999இல் ஒடிசாவிலும் புயல் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. 2013இல் ஃபைலின் அதே ஒடிசாக் கரையில் ஏறியபோது பலி சில பத்துகளில் நின்றது. இடையில் புயல்கள் சாந்தமாகிவிடவில்லை; எச்சரிக்கை கூர்மையானது, அதை மக்கள் நம்பினார்கள், வெளியேற இடம் இருந்தது. தீக்கு இதைச் செய்ய வானளாவிய கருவிகள் வேண்டாம். கனடா 1970களிலிருந்து பயன்படுத்தும் தீ வானிலைக் குறியீடு, நண்பகலில் எடுக்கும் நான்கே அளவுகளில் ஓடுகிறது: வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், முந்தைய 24 மணி நேர மழை. மேலே சொன்ன மூன்று வேகங்களும் அந்தக் குறியீட்டுக்குள் தனித்தனிக் கணக்காக உட்கார்ந்திருக்கின்றன. அமெரிக்க வனக் காவலர்கள் இன்னும் எளிமையான ஒன்றையும் பயன்படுத்துகிறார்கள்: முற்றிலும் உலர்ந்த நிலையில் 100 கிராம் எடையுள்ள பைன் மரக்குச்சிகளின் ஒரு சட்டகம். அதை வெளியே வைத்துத் தினமும் எடை போடுகிறார்கள். 112 கிராம் காட்டினால் காட்டுக் குச்சியில் 12 விழுக்காடு ஈரம். 105 என்றால் ஐந்து விழுக்காடு, அன்று உஷார். தச்சுப் பட்டறையும் ஒரு தராசும் உள்ள எந்த வனச்சரகமும் தன் மலைக்கேற்ற மரத்தில் இதைச் செய்து பார்க்கலாம். பொய் எச்சரிக்கை பற்றிய பயத்துக்கும் விடை இதில் இருக்கிறது: இரண்டு மாதம் முழுக்க ‘ஆபத்து’ என்று எழுதிவைப்பதுதான் பொய் எச்சரிக்கை. நாளுக்கு நாள் ஏறி இறங்கும் எண்ணை, அது ஏன் ஏறியது என்ற ஒரு வரியோடு அறிவித்தால் நம்புவார்கள். கருப்புச் சனிக்குப் பிறகு ஆஸ்திரேலியா தன் அளவுகோலின் உச்சியில் புதிதாக ஒரு படியையே சேர்த்தது. அந்தப் படி அறிவிக்கப்பட்டால், தீ கண்ணில் படும் முன்பே, முந்தைய இரவே அல்லது விடியலிலேயே ஊரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பது பொருள்.

மலையே இல்லாத புதுச்சேரிக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். குரங்கணியில் இறந்தவர்கள் மலைக்காரர்கள் அல்லர். சமவெளியில் வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தவர்கள். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலும், அதைச் சுற்றி அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களிடமும் அதே ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வேன் பிடித்து ஏலகிரிக்கும் கொல்லிமலைக்கும் கொடைக்கானலுக்கும் போகிறார்கள். அவர்கள் புறப்படும் முடிவை எடுப்பது மலையடிவாரத்தில் அல்ல, வெள்ளிக்கிழமை மாலை இங்கே, கைபேசியைப் பார்த்துக்கொண்டு. எனவே தீ எச்சரிக்கை மலையடிவாரச் சோதனைச் சாவடியில் தொங்கும் பலகையாக மட்டும் இருந்தால் பயனில்லை. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் கடலுக்கும் மழைக்கும் தினமும் தரும் அறிக்கையில் ‘மலைப்பகுதித் தீ நிலை’ என்று மாவட்டவாரியாக ஒரு பத்தி சேர வேண்டும். வனத்துறை அளவுகளைத் தரட்டும், வானிலைத் துறை கணித்துச் சொல்லட்டும், பேரிடர் மேலாண்மை ஆணையம் வழித்தடத்தைத் திறக்கவோ மூடவோ அந்த எண்ணையே அடிப்படையாகக் கொள்ளட்டும். இப்போது ஒரு துறைக்குக் காற்று தெரியும், இன்னொன்றுக்குக் காடு தெரியும், மூன்றாவதற்கு ஆட்கள் தெரியும். மூன்றும் சந்திக்கும் இடம் விசாரணை அறிக்கையாகத்தான் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் அந்தப் பத்தி வந்து சேரும். முந்திரித் தோப்புச் சருகும் ஏரிக்கரைக் கோரையும் குப்பைக் கிடங்கும் மேல்காற்றில் எரிவதும் இதே கணக்கில்தான்.

எண்கள் எப்படி இருக்கலாம் என்றும் யோசிக்கலாம். ஒன்று: புல்லில் ஈரம் இருக்கிறது, வழக்கம் போல நடமாடலாம். இரண்டு: காய்ந்துவிட்டது, மலையில் அடுப்பும் பீடியும் கூடாது, பிற்பகலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். மூன்று: காய்ந்ததோடு காற்றும் வரப்போகிறது, புல் மலைகளுக்குள் யாரையும் விடக்கூடாது, தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பாறையும் ஓடையும் எங்கே என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். நான்கு: காற்று திசை மாறப்போகிறது, காவலர்களும் தீக்கோட்டை விட்டுப் பின்வாங்க வேண்டும். இந்த நான்காவது எண்ணை ஏற்றும் துணிவு ஒரு வனச்சரகருக்கு வர வேண்டுமானால், அதை ஏற்றிய பிறகு அன்று தீ வராமல் போனாலும் யாரும் அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. மூன்றாம் எண் கூண்டை ஏற்றிய பிறகு புயல் வேறு பக்கம் போய்விட்டால், துறைமுக அதிகாரியிடம் நாம் விளக்கம் கேட்பதில்லை.